என் வைக்கோலில் தெள்ளு கிடையாது

கிட்ட வந்து உட்காருங்கள். பயப்படாதீர்கள், இப்போது என் மேலிருந்து ஒன்றும் குதிக்காது. என் கோபம் மட்டும்தான் இன்னும் குதித்துக்கொண்டிருக்கிறது.

எங்கள் பண்ணையில் மிங்க் வளர்க்கிறோம். கீரி மாதிரி இருக்கும், தோல்தான் காசு. ஏப்ரலில் பெட்டைகள் எல்லாம் நிறைசூலாக இருக்கும்போது பார்த்து தெள்ளுப்பூச்சி வந்து சேர்ந்தது. கண் திறக்காத குட்டிகளை ரத்தம் உறிஞ்சியே கொன்றுவிடும் சனியன்.

நான் சும்மா இருப்பேனா? மருந்துப்பொடி வாங்கி ஒவ்வொரு மிங்கின் முதுகிலும் தூவினேன். அது கடித்தது, நான் திட்டினேன். தெள்ளு இன்னும் கொழுத்தது.

என் மனைவி ஹில்கா காப்பி ஊற்றிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"முதுகுல என்னய்யா இருக்கு? தெள்ளு சாப்பிடத்தான் மேல ஏறுது. குடியிருப்பு, முட்டை, குஞ்சு எல்லாம் மிங்க் படுக்கிற பெட்டிக்குள்ள பழைய வைக்கோல்ல. அதை வாரிக் கொளுத்து. பெட்டியைக் கழுவு. அப்புறம் பொடியைப் போடு."

"என் வைக்கோலையா? நானே விதைச்சு, நானே அறுத்ததுடி!"

"தெள்ளுக்கு அது தெரியாது. சொகுசா இருக்குன்னு மட்டும்தான் தெரியும்."

"என் வைக்கோல்ல தெள்ளு கிடையாது! அதுலயே நான் படுத்துத் தூங்குவேன்!"

"நிஜமாவா?"

"இந்தா, ஊர்ஹோ சாட்சி!"

பக்கத்துப் பண்ணை ஊர்ஹோ ஓசிக் காப்பிக்கு வந்தவன். வாய் நிறைய பன் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினான்.

"குட்டி போட்டா அப்புறம் பெட்டிக்குள்ள கை வைக்க முடியாதுய்யா" என்றாள் ஹில்கா.

"இப்பவும் வைக்காதே! ஒரு துரும்பு நகரக்கூடாது!"

ஹில்கா சிரித்துக்கொண்டே எனக்கு இன்னொரு காப்பி ஊற்றினாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

எங்கள் பின்லாந்தில் கோபம் வந்த ஆண்பிள்ளை போக ஒரே இடம் சவுனா, நீராவிக் குளியல் அறை. நானும் போனேன். அனலில் வெந்து, உடம்பு இளகி, அம்மணமாக வெளியறைக் கட்டிலில் விழுந்தேன். மெத்தை புதுசு. நல்ல தடிமன். என்ன சண்டை போட்டாலும் புருஷன் மேல் பாசம் போகுமா என்று உருகினேன்.

உருகி முடிப்பதற்குள் தொடையில் ஒன்று. முதுகில் ஒரு படை!

மெத்தையைக் கிழித்தேன். உள்ளே மிங்க் முடியோடு என் சொந்த வைக்கோல்! என் துணிகளைக் காணோம். குளிக்கும்போது உடம்பில் அடித்துக்கொள்ளும் பிர்ச் மர இலைக்கொத்தை முன்னால் பிடித்துக்கொண்டு, பாதி உருகிய பனியில் வீட்டுக்கு ஓடினேன். கதவில் பூட்டு. படியில் ஹில்கா. பக்கத்தில் ஊர்ஹோ, இந்த முறை காலி வாயோடு.

"பாவி! பூராவும் தெள்ளுடி!"

"எதுல?"

"வைக்கோல்ல!"

"யார் வைக்கோல்ல?"

"என் வைக்கோல்லதான்! கொளுத்தறேன்! இன்னைக்கே அத்தனை பெட்டியையும் கழுவறேன்! கதவைத் திற!"

"திறக்கறேன். முதல்ல வைத்தியம். திரும்பு."

பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன். பொடி டப்பாவை எடுத்து, நான் மிங்குக்குச் செய்தது மாதிரியே, முதுகில் மட்டும் தூவினாள்.