ஒரு நீளம், இரண்டு குட்டை

கணினி மூன்று முறை கூவியது. ஒன்று நீளம், இரண்டு குட்டை. திரை கரிச்சட்டியாகவே இருந்தது.

ஆக்னஸ், மெட்டுகுடாவில் படித்த கணினி மாலை வகுப்பின் நோட்டைப் புரட்டினாள். பக்கம் பதினான்கு: 'இப்படிக் கூவினால் கிராஃபிக்ஸ் கார்டைப் பார்க்கவும்.' பெட்டியைத் திறந்தாள். கார்டு இருக்க வேண்டிய இடம் காலி.

பத்து நிமிடத்துக்கு முன் அதே பெட்டியைத் திறந்து தூசி தட்டியவள் அவள்தான். கார்டைக் கழற்றிய நினைவில்லை. ஆனால் அவளுக்கு அவள் நினைவின் மீது நம்பிக்கையும் இல்லை. வீட்டைப் பூட்டினோமா என்று பேகம்பேட்டில் இறங்கி அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போகிற ரகம்.

அந்தக் கணினி அலுவலக சூப்பரின்டெண்டென்ட் ஜகதீசனுடையது. இரண்டு வருடமாகக் கதவைச் சாத்திக்கொண்டு அதிலேயே இருக்கிறவர். யார் தட்டினாலும் உள்ளேயிருந்து, "கம்ப்யூட்டர்ல இருக்கேன், அப்புறம் வாங்க" என்ற குரல்தான் வரும். ஆக்னஸின் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் அவர் மேசையில் கிடந்தது. பத்து நாள் விடுப்பு முடிந்து மூன்று மணிக்கு வந்து கையெழுத்துப் போடுவார். அவர் மனம் குளிரட்டும் என்றுதான் இந்தத் தூசி தட்டலே.

குப்பைக்கூடையைக் கவிழ்த்தாள். அலுவலகம் பெருக்கும் அம்மணி எட்டிப் பார்த்தாள்.

"நக்கோ மேடம், அதுல கையை விடாதீங்க. வெறும் டீத்தூள்."

வெளி அறையில் பக்கத்து மேசை ஷ்யாம் சாப்பிடப் போயிருந்தான். அவன் கணினியின் கார்டைக் கழற்றி வந்தாள். நுழையவில்லை. அழுத்தினாள். ஏதோ மளுக்கென்றது. திரும்பக் கொண்டுபோய் மாட்டியதும் ஷ்யாமின் கணினியும் கூவியது.

எதிர் மேசை பத்மநாபன் டீக்கு எழுந்ததும் அவருடையதைக் கழற்றினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டு ஐம்பத்தைந்துக்கு ஜகதீசனின் திரை நீலமாக விழித்தது. நோட்டுக்கு முத்தம் கொடுத்தாள். வெளியே இரண்டு கணினிகள் மாறி மாறிக் கூவின. அதை நாளைக்குப் பார்க்கலாம்.

ஜகதீசன் பாதி வெளுத்த மீசையோடு வந்தார். கதவு சாத்திக்கொண்டது. அரை நிமிடத்தில் திறந்தது. அவர் கையில் ஒரு சின்ன பிரஷ்.

"யார் இதைத் தொட்டது?"

"நான்தான் சார். சரி பண்ணிட்டேன்."

அவர் கடிதத்தை எடுத்து இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியேறினார்.

எந்தப் படியில் தப்பு செய்தோம் என்று ஆக்னஸ் முதல் பக்கத்திலிருந்து நோட்டைப் படிக்க ஆரம்பித்தாள். அம்மணி துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுக் காதருகே குனிந்தாள்.

"வாங்கின நாள்லேருந்து அதுல படமே வந்ததில்ல மேடம், ரெண்டு வருஷமா அந்தக் கறுப்புக் கண்ணாடியில பாத்துத்தான் சார் மீசைக்கு டை அடிக்கிறாரு."