பாதுகாப்பு வாரத்தில் ஒரு பலகை

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியன் பிள்ளை சீக்கு என்று சொல்லிவைத்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். சேஃப்டி சூப்பர்வைசரின் பெண்டாட்டி என்ன ஆவாள் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான்தான். இத்தனை வருடமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். வீட்டில் மற்ற எல்லோரும் ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்ட பிறகு, நான் ஒருவன் மட்டும் கௌரவம் பார்த்து என்ன ஆகப்போகிறது?

தொண்ணூறுகளின் நடுவில் துடியலூர்ப் பக்கம் ஒரு பம்ப்செட் கம்பெனியில் நான் சேஃப்டி சூப்பர்வைசராக இருந்தேன். மஞ்சள் ஹெல்மெட், கையில் டெஸ்டர், கழுத்தில் ஒரு விசில். காலையில் உள்ளே போனதும் எர்த் குழிகளுக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்றா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. (மெஷினில் கரண்ட் கசிந்தால் அது தொட்டவன் உடம்புக்குள் போகாமல், ஒரு ஒயர் வழியாக மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டும். அதற்காகக் கரியும் உப்பும் போட்டு மூடிய குழிதான் எர்த் குழி. காய்ந்துபோனால் வேலை செய்யாது.) மொத்தம் பதினேழு குழிகள். ஒன்று காய்ந்திருந்தாலும் நான் சாமியாடிவிடுவேன். "மனுச உசுருய்யா இது!" என்று நான் கத்துவது மோல்டிங் செக்‌ஷன் வரை கேட்கும்.

கம்பெனி கேட்டில் ஆளுயரத்துக்கு ஒரு வாசகம் எழுதியிருந்தது. 'உன் வீட்டில் ஒருத்தி காத்திருக்கிறாள். பத்திரமாகப் போய்ச் சேர்.' நான் யோசித்து எழுதியது. அதற்காக எனக்கு ஒரு டிபன் கேரியர் பரிசு கொடுத்தார்கள்.

அந்த ஒருத்தியின் பெயர் சரசு. உடுமலைப்பேட்டைக்காரி. நான் சாயங்காலம் பத்திரமாகப் போய்ச் சேரும் நேரத்தில் அவள் பெரும்பாலும் ஒரு பலகையின் மேல் நின்று மாவாட்டிக்கொண்டிருப்பாள்.

பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணச் சீராக வந்த கிரைண்டர், நாங்கள் அந்த வாடகை வீட்டுக்குப் போன வருடமே கையைச் சுரீரென்று கடிக்க ஆரம்பித்தது. போனவுடனே நான் பார்த்துவிட்டேன். கிரைண்டருக்கான பிளக்கிலிருந்து பச்சை எர்த் ஒயர் சுவரோடு அழகாக இறங்கி, ஜன்னல் வழியாக வெளியே போய், அங்கே ஒரு ஆணியில் முடிச்சுப் போட்டுக் கட்டப்பட்டிருந்தது. அவ்வளவுதான். குழி இல்லை, மண் இல்லை. மாட்டைக் கட்டுகிற மாதிரி கரண்டைக் கட்டிவைத்திருந்தார்கள். நான் சிரித்துவிட்டு, "இந்த ஞாயித்துக்கெழம ஒரு குழி தோண்டிப்போடறேன்" என்றேன். அன்றைக்கு நாங்கள் கல்யாணமாகி ஒரு வருடமான புதுத் தம்பதி.

சரசு சமையற்கட்டில் செருப்புப் போட மாட்டாள். சாமி படம் இருக்கிற இடம். ஆகவே, காய்ந்த மரத்தின் மேல் நின்றால் கரண்ட் கடிக்காது என்று, கம்பெனிக்கு வந்த வெளிநாட்டு மெஷினின் பேக்கிங் பெட்டியிலிருந்து ஒரு பலகையை உடைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். அதன் மேல் கறுப்பு மையில் ஒரு குடைப் படமும் ஒரு கண்ணாடி டம்ளர் படமும் இருந்தன.

"ஏனுங்க, இந்த டம்ளரு எதுக்குங்க?"

"உள்ள இருக்கறது ஒடையற சாமான், பார்த்துப் பத்தரமா எடுத்து வைக்கோணும்னு அர்த்தம்."

"அப்படீங்களா" என்று அதன் மேல் ஏறி நின்றாள். ஐந்து வருடம் அப்படியே நின்றாள்.

ஐந்து வருடத்தில் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சோம்பேறித்தனம் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். அது உண்மையில்லை. கம்பெனியில் குழி காய்ந்தால் மேலே இருப்பவன் என்னைக் கேட்பான். வீட்டில் கேட்டவள் சரசு மட்டும். அவளும் "முடிஞ்சா பாருங்க" என்று கேட்பாள். 'முடிஞ்சா' என்று சொல்லிக் கேட்டால் எனக்கு முடியாது. இதை இப்போது எழுதும்போதும் என் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

அந்த வருடம் மார்ச் மாதம் பாதுகாப்பு வாரம் வந்தது. கூடவே சென்னையிலிருந்து ஒரு புதுப் பர்சனல் மேனேஜரும் வந்திருந்தார். சேஃப்டி ஆபீசர் நாற்காலி காலியாக இருந்தது. அதற்கு ஆள் எடுக்க வேண்டியவர் அவர். உட்கார வேண்டியவன் நான். (இது நான் மட்டும் எடுத்திருந்த முடிவு.) அவருக்கு ஒரு யோசனை பிறந்தது.

"தொழிலாளி கம்பெனியில மட்டும் பாதுகாப்பா இருந்தாப் போதுமா? வீட்டுலயும் இருக்கணும் இல்லையா? மாதிரி வீடு ஒண்ணைப் போய்ப் பார்ப்போம். போட்டோ எடுத்து நோட்டீஸ் போர்டுல போடுவோம். மாதிரி வீடுன்னா உங்க வீடுதானே, நடராஜ்?"

"கண்டிப்பாங்க சார்" என்றேன். நாற்காலி கண்ணுக்குத் தெரிந்தது.

நான்கு நாள் அவகாசம் இருந்தது. ஒரு எர்த் குழி தோண்ட அரை நாள் போதும். நான் என்ன செய்தேன் என்றால், கம்பெனியிலிருந்து இரண்டு சிவப்பு மணல் வாளிகளைக் கொண்டுவந்து வாசலில் தொங்கவிட்டேன். தீ விபத்துச் சார்ட் ஒன்றை அடுப்புக்கு மேலே ஒட்டினேன். சுவிட்சுப் பெட்டிக்கு வெள்ளை பெயின்ட் அடித்தேன். முதலுதவிப் பெட்டி வாங்கிக் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினேன். சரசு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"இத்தன வேல செய்யறதுக்கு அந்தப் பச்ச ஒயரப் பார்த்துப்போடலாமுங்கல்ல?"

"குழி தோண்டுனா வாசல் அலங்கோலமாயிடும் சரசு. போட்டோ எடுக்கறாங்க. அவங்க போகட்டும், இந்த ஞாயித்துக்கெழம கண்டிப்பா."

அவள் அரிசியை ஊறப் போடப் போய்விட்டாள்.

அவர்கள் வருகிற நாள் காலையில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பலகையைப் பார்த்தால் மாரப்பண்ணன் கண்டுபிடித்துவிடுவார். மோல்டிங் செக்‌ஷன் ஆள், சேஃப்டி கமிட்டியில் தொழிலாளர் பக்கத்து உறுப்பினர், குழுவோடு வருகிறார். சமையற்கட்டில் கிரைண்டர் முன்னால் பலகை கிடந்தால் அது எதற்கு என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பலகையை எடுத்துப் பரணில் போட்டேன். பிறகு தரை பளிச்சென்று இருக்கட்டும் என்று இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி நானே கழுவிவிட்டேன். (வாழ்க்கையில் அந்தத் தரையை நான் கழுவியது அன்று ஒரு நாள்தான்.)

"இன்னிக்கு கிரைண்டரப் போடாத" என்று சரசுவிடம் சொன்னேன். அந்த மட்டும் எனக்கு அறிவு இருந்தது.

வந்தார்கள். மேனேஜர், மாரப்பண்ணன், மெயின் ரோட்டு ஸ்டூடியோவிலிருந்து ஒரு போட்டோக்காரர். மணல் வாளியைப் பார்த்து மேனேஜர் பூரித்துப்போனார். முதலுதவிப் பெட்டியைத் திறந்து பஞ்சைத் தொட்டுப் பார்த்தார். விசில் சகிதம் என்னை வாளி பக்கத்தில் நிற்கவைத்து ஒரு படம். சார்ட் பக்கத்தில் ஒரு படம். சரசு எல்லோருக்கும் காபி கொடுத்தாள்.

"எல்லாம் ஜடமா இருக்கே. அம்மா வேலை செய்யற மாதிரி ஒண்ணு எடுப்போம். பாதுகாப்பான சமையலறைன்னு போடலாம். கிரைண்டர் போடுங்கம்மா" என்றார் மேனேஜர்.

சரசு என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். அது இன்னும் ஈரமாக இருந்தது.

"ஏனுங்க... பலக?" என்றாள்.

"என்ன பலகை?" என்றார் மேனேஜர்.

இங்கேதான் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். 'சார், அதில் கரண்ட் கசிகிறது, எர்த் இல்லை' என்று சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்காது. நாற்காலி போயிருக்கும், மானம் போயிருக்கும், அவ்வளவுதான். நான் சொன்னது இது:

"ஒண்ணுமில்லீங்க சார், உக்கார்றதுக்குக் கேக்குது." பிறகு அவள் பக்கம் திரும்பி, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, போடு" என்றேன்.

அவள் போட்டாள். அரிசியைப் போட்டு, சுவரில் சுவிட்சைத் தட்டினாள். போட்டோக்காரர், "அம்மா, மாவைத் தள்ளிவிடற மாதிரி கைய வைங்க. சார், நீங்க பின்னால வந்து நில்லுங்க, கொஞ்சம் சிரிங்க" என்றார். சரசு கையை வைத்தாள். நான் சிரித்தேன். ஃபிளாஷ் அடித்தது.

அவள் வாயிலிருந்து வந்த சத்தத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. கை டிரம்மோடு ஒட்டிக்கொண்டது. உடம்பு உதறியது.

மரக்கட்டைப் பொம்மையை வைத்துக்கொண்டு, கரண்டில் மாட்டியவனை எப்படிக் காப்பாற்றுவது என்று கம்பெனியில் எத்தனையோ தடவை செய்து காட்டியவன் நான். என் பயிற்சிப்படி முதலில் விசில் ஊதி எல்லோரையும் எச்சரிக்க வேண்டும். ஊதினேன். என் பெண்டாட்டி என் கண்ணெதிரே துடித்துக்கொண்டிருக்க, நான் என் சமையற்கட்டில் நின்று விசில் ஊதினேன். பிறகு, "யாரும் தொடாதீங்க! யாரும் தொடாதீங்க!" என்று கத்தினேன். நின்ற இடத்தை விட்டு என் கால் நகரவில்லை.

மாரப்பண்ணன் தோளில் கிடந்த துண்டை உருவி, பிளக் ஒயரில் சுற்றி, ஒரே இழுப்பு. சுவரோடு சேர்ந்து பிளக் வந்துவிட்டது. சரசு தன் இடது கையின் மேலேயே விழுந்தாள். மணிக்கட்டு உடையும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"ஒண்ணுமில்லீங்கம்மிணி, ஒண்ணுமில்லீங்க" என்று மாரப்பண்ணன்தான் அவளைத் தூக்கி உட்காரவைத்தார். கம்பெனி வேனில் ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது அவர் ஜன்னலுக்கு வெளியே ஆணியில் கட்டியிருந்த பச்சை ஒயரைப் பார்த்துவிட்டார். என்னைப் பார்த்தார். "நடராசு..." என்றவர், அப்படியே வேனில் ஏறிக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நடராஜ், பாதுகாப்பு வாரத்துல இப்படி ஆச்சுன்னு வெளியே போகக் கூடாது. எனக்கும் நல்லதில்லை, உங்களுக்கும் நல்லதில்லை. ஈரத்தரையில வழுக்கிட்டாங்கன்னு ரிப்போர்ட் எழுதிடுங்க."

எழுதினேன். விபத்து ரிப்போர்ட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எழுதுவதற்கு எனக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் பழக்கம்: 'சம்பந்தப்பட்டவரின் கவனக்குறைவு.' விரல் போனவனுக்கும் அதுதான், கண்ணில் பொறி விழுந்தவனுக்கும் அதுதான். இரண்டு வருடம் முன்னால் மாரப்பண்ணனின் இடது சுண்டுவிரல் போனபோதும் அதையேதான் எழுதினேன். கை பழக்கத்தில் தானாக எழுதிவிட்டது. அந்தச் சுண்டுவிரல் இல்லாத கைதான் என் பெண்டாட்டியைக் காப்பாற்றியது என்பது கையெழுத்துப் போட்ட பிறகுதான் உறைத்தது. ஆனாலும் அந்த வரியை அடித்துத் திருத்தவில்லை.

சரசுவுக்கு ஆறு வாரம் மாவுக்கட்டு. வீட்டுத் துணியெல்லாம் நான் துவைத்தேன். ஒரு நாள், "சட்டப் பாக்கெட்டப் பார்த்துப் போடுங்க, காகிதம் இருக்குது" என்றாள். ரிப்போர்ட்டின் கார்பன் நகல். எடுத்து மேசையில் வைத்துவிட்டுத் துவைக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவள் அதைக் கையில் வைத்திருந்தாள்.

"கவனக்குறைவுன்னு எழுதியிருக்கறீங்களே, யாரோடதுன்னு எழுதலீங்களா?"

குரலை உயர்த்தவில்லை. மரியாதைக்கு ஒரு 'ங்க' குறையவில்லை. உடுமலைப்பேட்டையில் பெண்களுக்குத் திட்டச் சொல்லித்தருவதில்லை போலும்.

ஜூன் மாதம் எனக்கு நாற்காலி கிடைத்துவிட்டது. கிடைக்காமல் போயிருந்தால் இந்தக் கதையில் ஒரு நியாயமாவது இருந்திருக்கும். மேனேஜருக்கு, வாயை மூடிக்கொண்டு ரிப்போர்ட் எழுதத் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். "நல்லதுங்க" என்றாள்.

எர்த் குழி? விபத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தோண்டிவிட்டேன். ஆறடி ஆழம். கம்பெனிக் குழியைவிட அதிகமாகக் கரியும் உப்பும் போட்டேன். தினமும் தண்ணீர் ஊற்றினேன். டெஸ்டர் வைத்துக் காட்டினேன். அவள் கட்டுப் பிரித்து வந்த அன்று, தரையை வேண்டுமென்றே நனைத்துவிட்டு, வெறுங்காலோடு நின்று, ஓடுகிற கிரைண்டரை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக் காட்டினேன். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தாள். பிறகு ஸ்டூல் போட்டுப் பரணிலிருந்து பலகையை எடுத்து, துடைத்து, கீழே போட்டு, அதன் மேல் ஏறி நின்றுகொண்டு மாவாட்டினாள்.

போட்டோ நோட்டீஸ் போர்டுக்குப் போகவில்லை. போட்டோக்காரர் நல்ல மனிதர், ஒரு உறையில் போட்டு வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். வாய் திறந்தபடி சரசு. பின்னால், கழுத்தில் விசிலோடு, எல்லாப் பற்களும் தெரிய நான். அதைக் கிழித்துப்போட இரண்டு தடவை முயன்றேன். இரண்டு தடவையும் சரசு எடுத்து ஆல்பத்தில் வைத்துவிட்டாள். அப்போது பிறந்தேயிராத என் மகள்தான் இன்று அந்தக் கதையை நன்றாகச் சொல்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் ஆல்பத்தைப் புரட்டி, "அம்மாவுக்குக் கரண்ட் அடிச்சப்ப அப்பா எடுத்துக்கிட்ட போட்டோ இது" என்று காட்டுவாள். நான் எதற்காவது, "நான் பார்த்துக்கறேன், பயப்படாத கண்ணு" என்று சொல்லிவிட்டால் போதும், "அம்மா, பலகை எங்கீங்க?" என்று குரல் கொடுப்பாள். அவள் கல்யாணப் பந்தலில், "மாப்பிள்ளை வீட்டைப் பத்தி நல்லா விசாரிச்சுட்டேன்" என்று நான் சொன்னபோது, மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டு அதையே கேட்டாள். பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன், எனக்குத்தான் சிரிக்கத் தெரியுமே.

இப்போது சொந்த வீடு. மூன்று எர்த் குழி, கசிவு வந்தால் கண்சிமிட்டும் நேரத்தில் தானே அணைந்துவிடும் சுவிட்சு, மேசை மேல் வைக்கிற சின்ன கிரைண்டர். நான் ரிட்டயர் ஆகியும் வருடங்கள் ஆயிற்று. பலகையில் குடை அழிந்துவிட்டது. டம்ளர் மட்டும் லேசாகத் தெரிகிறது. சரசு இன்றும் அதன் மேல் நின்றுதான் மாவாட்டுகிறாள்.

போன வாரம் முட்டிவலியோடு அவள் அதன் மேல் ஏறுவதைப் பார்த்துவிட்டு எனக்குத் தாங்கவில்லை.

"இத்தன வருசமாச்சு சரசு. இந்த கிரைண்டர் கரண்ட் அடிக்காது. இன்னும் நம்பிக்கை வரலியா?"

அவள் சுவிட்சைப் போட்டாள். கிரைண்டர் சுற்ற ஆரம்பித்தது.

"கிரைண்டரு மேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்லீங்க" என்றாள்.