சீட்டுக் கூவ ஒரு சான்றிதழ்

லரேடோ, டெக்சஸ்
செவ்வாய்க்கிழமை

பெருமதிப்புக்குரிய அபெலார்தோ அண்ணாவுக்கு, உங்கள் சித்தப்பா மகள் எர்லிந்தா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எங்களுக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, கோபத்துக்கும் குறைவில்லை. மெக்சிகோவில், மான்டெரேயில் நீங்களும் அண்ணியும் சௌக்கியமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

நான் போன மாதம் எழுதிய கடிதத்தை நீங்கள் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பியது வந்து சேர்ந்தது. ஸ்பானிஷுக்கு நடுவில் இங்கிலீஷ் தலைகாட்டிய நாற்பத்திரண்டு இடத்திலும் சுழித்து, மேலே ஸ்பானிஷ் வார்த்தை எழுதியிருக்கிறீர்கள். ஓரத்தில் "இரண்டு மொழியும் தெரியாதவர்களின் பேச்சு" என்று ஒரு குறிப்பு வேறு. காலமெல்லாம் ஸ்பானிஷ் வாத்தியாராக இருந்தவர், கை சும்மா இருக்காது என்று விட்டிருப்பேன். ஆனால் அதே வாரம் இங்கே ஒரு கூத்து நடந்து என் வயிறு எரிந்துகொண்டிருக்கிறது. அதனால் விடுவதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சர்ச் மண்டபத்தில் லொத்தெரியா படச்சீட்டு ஆடுவோமே, பத்தொன்பது வருஷமாக அதற்கு மைக் என் கையில்தான். சீட்டை எடுத்து சேவல், ஏணி என்று வெறுமனே வாசித்துவிட்டுப் போக அது என்ன ரேஷன் கடையா? ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வம்பு கட்டிக் கூவ வேண்டும், ஜனங்கள் சிரித்துக்கொண்டே தங்கள் அட்டையில் அந்தப் படத்தின் மேல் அவரைக்கொட்டை வைக்க வேண்டும், ஒரு வரிசை நிரம்பினால் ஜெயிப்பு. எனக்குப் பாதி ஸ்பானிஷும் பாதி இங்கிலீஷுமாகத்தான் வாயில் வரும். ஏணி வந்தால், "ஸ்லோவா ஏறு கண்ணு, மேல நோ பார்க்கிங்!" குடிகாரன் படம் வந்தால், "இவரு என் ஹஸ்பெண்ட் இல்லப்பா, பட் சேம் மாடல்!" உடனே முன்வரிசையில் என் வீட்டுக்காரர் ரொகேலியோ எழுந்து தொப்பியைக் கழற்றிக் குனிவார். மண்டபமே அதிரும்.

இது பொறுக்கவில்லை பல் டாக்டர் மனைவி ஒபெலியாவுக்கு. புதிதாகக் கமிட்டித் தலைவியாகி வந்தவள், முதல் வேலையாக என் மைக்கில் கை வைத்தாள். "எர்லிந்தா, தப்பா நினைக்காதீங்க. நீங்க பேசறதக் கேட்டுக் கேட்டு நம்ம புள்ளைங்களுக்கு ஒரு மொழியும் உருப்படியா வரமாட்டேங்குது" என்றாள். மண்டபத்தை இரண்டாகப் பிரித்தாள். இடதுபக்கம் ஸ்பானிஷ், வலதுபக்கம் இங்கிலீஷ். எல்லைப் பாலத்துக்கு அந்தப்பக்கம் மெக்சிகோவிலிருந்து உங்களை மாதிரி ஒரு வாத்தியாரையும், இந்தப்பக்கத்திலிருந்து ஒரு பாங்க் மேனேஜரையும் கூட்டி வந்தாள். ஆளுக்கு ஒரு மைக், ஆளுக்கு ஒரு சீட்டுக்கட்டு, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூவ வேண்டுமாம். என்னை அடுப்படியில் தமாலே கொழுக்கட்டை அவிக்கப் போட்டுவிட்டாள்.

கேளுங்கள் அண்ணா. இடதுபக்கம் வாத்தியார் தேள் என்கிறார், வலதுபக்கம் மேனேஜர் தர்பூசணி என்கிறார். எங்கள் ஜனத்துக்கு இரண்டும் புரியுமே! காதில் விழுந்ததற்கெல்லாம் கொட்டை வைத்துக்கொண்டே போனார்கள், இந்தப் பக்கத்துச் சீட்டுக்கும் வைத்தார்கள், அந்தப் பக்கத்துச் சீட்டுக்கும் வைத்தார்கள், ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, பதினொரு பேர் ஜெயித்துவிட்டோம் என்று எழுந்து நின்று கத்துகிறார்கள், பரிசோ பாலில் ஊறிய ஒரே ஒரு கேக். ஒபெலியா ஓடி வந்து, "ஸ்பானிஷ் பக்கம் உக்காந்தவங்க ஸ்பானிஷ மட்டும்தான் கேக்கணும்!" என்கிறாள். தபால்காரர் எலியோதோரோ, "அதெப்படிம்மா ஒரு காத மட்டும் கழட்டி வைக்கறது?" என்று கேட்டார். அதற்குள் கேக் தட்டை நாலு கை இழுத்தது, தட்டு சாய்ந்தது, பாதி கேக் மேனேஜரின் கோட்டில். ஒபெலியா மைக்கைப் பிடுங்கி, "டோன்ட் டச் த கேக்! எவனாச்சும் கைய வச்சீங்க, ஐ வில் கால் த போலீஸ், சொல்லிட்டேன்!" என்று கத்தினாளே பார்க்கலாம்! முழு மண்டபமும் எழுந்து கைதட்டியது. நான் அடுப்படி ஜன்னலிலிருந்து விசிலே அடித்தேன்.

அந்த விசிலுக்குத்தான் தண்டனை. மறுநாள் ஒரு தாளை நீட்டினாள். என் பேச்சு பிள்ளைகளுக்குக் கெடுதல் இல்லை என்று ஒரு மொழி வாத்தியார் கையெழுத்துப் போட்டால்தான் இனி மைக்காம். எங்கள் சர்ச் சாமியார் கண்ணெதிரிலேயே அதைச் சுக்குநூறாகக் கிழித்தேன். "எனக்கு எவன் சான்றிதழும் வேணாம் ஃபாதர்!" என்றேன்.

உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். சின்ன வயசுல பள்ளிக்கூட மைதானத்துல ஸ்பானிஷ் பேசினேன்னு இங்க டீச்சர் ஸ்கேலால வெளுத்தாங்க. இப்ப இங்கிலீஷ் கலக்குறேன்னு அங்கருந்து நீங்க சுழிக்கிறீங்க. நான் எந்தப் பக்கம் வாயத் தொறந்தாலும் அடிதானா? எனக்கு ஒரு மொழி குறைஞ்சு போயி இப்படிப் பேசல அண்ணா, ரெண்டும் இருக்கு, ரெண்டையும் எடுத்துப் பேசறேன். நீங்க திருத்தின ஒவ்வொரு இடத்துலயும் நான் நினைச்ச வார்த்தையத்தான் கரெக்டா எழுதியிருக்கீங்க. புரியாமலா எழுதினீங்க? மைக் இல்லாத ஞாயித்துக்கிழமை எனக்குச் சோறு இறங்கல, அழுகையா வருது, அது நிஜம். அதுக்காக வாயக் கழுவிட்டுப் போயி நிக்க மாட்டேன். யார் காலிலும் விழ மாட்டேன். உங்கள் காலிலும்தான்.

அண்ணிக்கு என் அன்பு. பேரப்பிள்ளைகளை மாதா காக்கட்டும். உங்கள் முழங்கால் வலி சீக்கிரம் தீரட்டும்.

திருந்தாத தங்கை,
எர்லிந்தா

பின்குறிப்பு: கிழித்தேன் என்றேனே, அந்தத் தாளை ரொகேலியோ ஒரு துண்டு விடாமல் பொறுக்கி வந்து டேப் போட்டு ஒட்டிவிட்டார். இத்துடன் வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த மொழி வாத்தியார் நீங்கள் ஒருவர்தான். சுத்தமான பேச்சு என்று பொய் எழுத வேண்டாம், அழகான பேச்சு என்றும் வேண்டாம். "என் தங்கை சொல்வது எனக்குப் புரிகிறது" என்று ஒரே ஒரு வரி, கீழே உங்கள் கையெழுத்து. இதைக் கொண்டுவரும் பஸ் டிரைவர் சனிக்கிழமை திரும்புகிறார், அவரிடமே கொடுத்தனுப்புங்கள். அதுகூட எழுத முடியாது என்றால் தாளை வெறுமையாகவே அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை மைக் இல்லாமலே கூவுகிறேன், கடைசி வரிசை வரை கேட்கும்.