காசிநாதன் வேனுக்குப் பேட்டரி பார்த்த கதை

சூரியனுக்கே சார்ஜ் ஏற்றியவர் எங்கள் ஊருக்கு வந்திருந்தார். கிரகணத்தன்று சூரியன் சோர்ந்து படுத்துவிட்டதாம். இவர் இமயமலை உச்சியில் நின்று ஒற்றை விரலை நீட்டினாராம். அதன் பிறகுதான் சூரியன் எழுந்து வேலைக்குப் போனதாம். நான் சொல்லவில்லை, பெரம்பலூர் முழுக்க நின்ற பேனர் சொல்லிற்று. பெயர் மின்சித்தர் ஜோதிநேசன்.

குன்னம் சாலையில் ஒரு தகரக் கொட்டகை. அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தின் தலை அங்கே இருந்தது, வால் அரியலூரில் இருந்தது. கொஞ்சம் குறைத்துத்தான் சொல்கிறேன். அரும்பாவூரிலிருந்து செத்த இன்வெர்ட்டர் வந்தது. ஜெயங்கொண்டத்திலிருந்து ஓடாத ஸ்கூட்டர் வந்தது. ஒருவர் மாமியாரின் காதுக் கருவியை அவருக்குத் தெரியாமல் கழற்றிக்கொண்டு வந்திருந்தார்.

அந்தக் கூட்டத்தில் காசிநாதனும் ஒருவர். முப்பது வருடம் கண்டக்டராக பஸ்ஸில் நின்றே காலம் தள்ளியவர். ஓய்வுபெற்றதும், இனிப் படுத்துக்கொண்டே காஷ்மீர் வரை போவது என்று முடிவெடுத்தார். பழைய வேன் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, மின்விசிறி எல்லாம் பூட்டிக்கொண்டிருந்தார். மனைவி பச்சையம்மாளுக்குச் சர்க்கரை. தினமும் இன்சுலின் ஊசி. மருந்து கெடாமல் இருக்க வேனுக்குள் ஒரு குட்டி ஃப்ரிட்ஜ் இரவும் பகலும் ஓடியாக வேண்டும். ராஜஸ்தான் வெயிலில் அது நின்றால் அந்த அம்மாவின் உயிருக்கே ஆபத்து.

துபாயில் பன்னிரண்டு வருடம் வண்டி எலக்ட்ரீஷியனாக இருந்த லப்பைக்குடிக்காடு நசீர் ஏற்கெனவே கணக்குப் போட்டு ஒரு சீட்டு கொடுத்திருந்தார். லித்தியம் பேட்டரி, கூரைக்கு சோலார் தகடு, சார்ஜ் கன்ட்ரோலர், வயருக்கு வயர் ஃபியூஸ். கணக்கு சரி, ராசி சரியாக இருக்க வேண்டாமா? காசிநாதன் சீட்டைச் சித்தரிடம் நீட்டினார். நசீரும் முறைத்தபடி கூடவே வந்திருந்தார்.

சித்தர் சீட்டின் மேல் ஒரு செப்புக் குண்டைத் தொங்கவிட்டார். குண்டு ஆடியது.

"என்ன ராசி?"

"மீனம் சாமி."

"லித்தியம் நெருப்பு. மீனை நெருப்புல போட்டா என்ன ஆவும்?"

கூட்டம் சிலிர்த்தது. எனக்குப் பசித்தது.

"இந்த ஃபியூசு எதுக்கு? சக்தி வர்ற வழியில தடை. புடுங்கிப் போடுங்க."

நசீர் பதறினார். "ஐயா, அது இல்லாட்டி வயரு சூடேறி வேனே எரிஞ்சுடும்!"

"எதிர்மறையாப் பேசாதீங்க." கூட்டமே நசீரை 'உஷ்' என்றது.

எல்லாவற்றுக்கும் ஒரே பரிகாரம் சக்திப் பலகை. தடித்த தேக்கு, மேலே செப்புத் தகடு, விலை பதினெட்டாயிரம். எந்தச் செத்த பேட்டரியோடு சேர்த்தாலும் ஆயுளுக்கும் கரண்டு! செத்துப்போன லாரி பேட்டரியிலிருந்து பலகைக்கு இரண்டு வயர், பலகையிலிருந்து விளக்குக்கு இரண்டு வயர். விளக்கு எரிந்தது. ஓர் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். காசிநாதன் பணத்தை எடுத்துவிட்டார்.

"ஒரு நிமிசம் காசிண்ணே" என்று நசீர் முன்னால் போய், பேட்டரியில் மாட்டியிருந்த இரண்டு கிளிப்பையும் கழற்றிவிட்டார்.

விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

வேறு ஊராக இருந்தால் குட்டு அங்கேயே உடைந்திருக்கும். எங்கள் ஊரில் கைதட்டினார்கள்! "பேட்டரியே வேணாமாம்டா!" சித்தருக்கே ஒரு கணம் தன்மேல் பக்தி வந்துவிட்டது. பலகை விலை அந்த இடத்திலேயே இருபத்தைந்தாயிரம் ஆயிற்று.

காசிநாதனோடு வந்து உட்கார்ந்திருந்த பச்சையம்மாள் எழுந்தார். "வெளக்கு எரிஞ்சு எனக்கு என்னங்க ஆவணும்? வண்டி வாசல்லதான் நிக்குது. என் மருந்துப் பொட்டியை இதுல ஓட்டிக் காட்டுங்க. ஒரு மணி நேரம் ஒக்காந்து பாக்குறேன். அப்பறம் பணம்."

"அவசரப்படக் கூடாதும்மா..."

"உசுரு என்னுதுங்க."

ஃப்ரிட்ஜ் வந்தது. நசீர் வயரை மாட்டினார். ஃப்ரிட்ஜ் ஒரு முனகல் முனகி நின்றது. விளக்கு அணைந்தது. கூடவே சித்தரின் முகமும்.

"பலகை தியானத்துல இருக்கு" என்றார்.

"எழுப்புவோம்" என்று பச்சையம்மாள் பலகையைக் குப்புறக் கவிழ்த்தார். அடியில் நான்கு திருகாணிகள். நசீர் கழற்றினார். உள்ளே டேப் சுற்றிய மூன்று சின்ன பேட்டரி செல்கள், ஒவ்வொன்றின் மேலும் 'லித்தியம்' என்று அச்சு. நிமிர்ந்து பார்த்தால் சித்தரைக் காணோம். ஒளியின் வேகத்தில் போனார் என்று சொன்னால், அதில் மட்டும் மிகையில்லை.

காசிநாதனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "எல்லாம் சரி நசீரு, பேட்டரி இல்லாம வெளக்கு எரிஞ்சுச்சா இல்லியா? அதைச் சொல்லு."

நசீர் சிரித்தார். "எரிஞ்சுச்சுண்ணே. கண்ணால பாத்தேன், இல்லன்னு சொல்ல மாட்டேன். எரியிறதை இம்புட்டுப் பேரு வாயப் பொளந்து பாத்தீங்களே, எங்கேருந்து எரியுதுன்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களாண்ணே?"