செவலைக்கு விலை பேசின துண்டு

எனக்குப் பேச வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெண் பார்க்கப் போன இடத்தில் நான் பேசியது மொத்தம் ஒரே வார்த்தை. "காப்பி ஆறிடும்." (அது ரெண்டு வார்த்தைப்பா என்கிறாள் என் மகள். நான் ஆறாவதோடு நின்றவன்.)

பேச வராதவன் பேசாமல் இருந்தால் ஊருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அவனைக் கூட்டி வந்து நிறுத்தி, பேசு என்று சொல்வதுதான் தப்பு. என்னை அப்படி நிறுத்தினார்கள். ஒரு நாய் விஷயமாக.

நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் லோடிங் செக்‌ஷன். வீடு உத்தனப்பள்ளி. ஒரு தடவை கம்பெனியில் ஆளுக்கு ஒரு பச்சை டீ-ஷர்ட் கொடுத்து, பஸ்ஸில் ஏற்றி, ஒரு நாய்க் காப்பகத்துக்குக் கூட்டிப் போனார்கள். சமூக சேவையாம். ஆளுக்கு ஒரு நாயைக் கொடுத்துக் குளிப்பாட்டச் சொல்லி போட்டோ எடுத்தார்கள். போட்டோ முடிந்ததும் எல்லோரும் பஸ் ஏறிவிட்டார்கள். என் நாய்க்கு இன்னும் சோப்பு போகவில்லை. பாதியில் விட்டுவிட்டு எப்படி வருவது? கழுவி, துடைத்துவிட்டு, டவுன் பஸ் பிடித்து வீடு வந்தேன். அடுத்த ஞாயிறும் போனேன். அதற்கடுத்ததும். அங்கே யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. நாய்கள்தானே.

அந்தச் சோப்பு நாய்தான் செவலை. நிறத்தைப் பார்த்து நான் வைத்த பேர். காப்பகத்தில் ஏதோ இங்கிலீஷ் பேர் வைத்திருந்தார்கள். அதற்கு அது திரும்பாது. என் தோள் துண்டின் ஒரு முனையை அது கவ்வும். மறுமுனையை நான் பிடிப்பேன். இழுப்போம். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு அதுதான் வேலை. பெரும்பாலும் அதுதான் ஜெயிக்கும்.

செவலையை இரண்டு வீட்டில் எடுத்துப் போனார்கள். இரண்டு வீட்டிலிருந்தும் திருப்பிக் கொண்டு வந்து விட்டார்கள். இரண்டாம் தடவை வந்தபோது சோற்றையே மோந்து பார்க்கவில்லை. மூலையைப் பார்த்துப் படுத்துவிட்டது.

வீட்டுக்குக் கூட்டி வரலாம் என்று என் மனைவி ரத்னாவிடம் ஒரு நாள் மெதுவாக ஆரம்பித்தேன். அவள் தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாய்..." என்றேன்.

அவள் நிமிரவே இல்லை. "வாயில்லா ஜீவன் ஒண்ணு ஏற்கெனவே இந்த வூட்ல இருக்குது. ரெண்டாவது வேணாம்."

பேச்சு முடிந்தது.

அப்புறம் காப்பகத்து நிலத்துக்காரர் பாதி இடத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டார். மிச்சம் நிற்கும் நாய்களை பெங்களூருக்கு அந்தப் பக்கம் வேறொரு காப்பகத்துக்கு அனுப்புவதாக முடிவானது. அதற்கு முன்னால் ஒரு ஞாயிறு, ஓசூருக்கு வெளியே ஒரு அபார்ட்மெண்ட் வளாகத்தில் தத்து முகாம். அங்கே யாராவது எடுத்தால் செவலை இந்தப் பக்கமே இருக்கும். எப்போதாவது போய்ப் பார்த்துவிட்டு வரலாம். எடுக்காவிட்டால் வேன் ஏறிவிடும். அப்புறம் நான் எங்கே பார்ப்பது?

காப்பகத்தை நடத்துகிற ஷீலா மேடம் என்னைக் கூப்பிட்டார். "அண்ணா, அது உங்ககிட்டதான் ஒழுங்கா நிக்குது. நீங்களே காட்டுங்க. வர்றவங்ககிட்ட நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க, போதும்."

ராத்திரி படுத்து எண்ணிப் பார்த்தேன். "நல்ல நாய். எடுத்துக்குங்க." மூன்றுதான் வந்தது. (இதை மகளிடம் சரிபார்த்துவிட்டேன். மூன்றுதான்.)

நாலாவது வார்த்தைக்கு எனக்குத் தெரிந்த ஒரே இடம் மாட்டுச் சந்தை. எங்கப்பா போச்சம்பள்ளி சந்தையில் தரகர். நான் பள்ளிக்கூடத்துக்குப் போனதைவிட அவரோடு அங்கே போனதுதான் அதிகம். அவர் குறையைத்தான் முதலில் சொல்வார். உதைக்கிற மாடு என்றால் உதைக்கும் என்பார். வாங்கினவன் அடுத்த வாரம் மாட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து நிற்கக்கூடாது, அவ்வளவுதான் அவர் கணக்கு.

எனக்குப் பளிச்சென்றது. செவலை ஏன் ரெண்டு தடவை திரும்பி வந்தது? எல்லோரும் 'ஸ்வீட், க்யூட்' என்று சொல்லியே கொடுத்திருக்கிறார்கள். குறையை ஒருத்தரும் சொல்லவில்லை. இந்தத் தடவை திரும்பி வராது. நான் இருக்கிறேன்! (இப்படி நினைத்தவனை அன்றைக்கே யாராவது ஒரு ரூமில் போட்டுப் பூட்டியிருக்கலாம்.)

முகாம் அன்றைக்கு மத்தியானம் ராயக்கோட்டையில் ரத்னாவின் அண்ணன் வீட்டில் காதுகுத்து. முகாம் முடித்து அப்படியே போகலாம் என்று அவளையும் வண்டியில் ஏற்றி வந்திருந்தேன். பட்டுப் புடவை. மடியில் மைசூர்பாக் டப்பா. பார்க்கிங் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நாய்ப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. காது மட்டும் இந்தப் பக்கம்.

ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். இளம் வயசு. சாப்ட்வேர் வேலை. ஊர் திருநெல்வேலிப் பக்கமாம். அந்தப் பெண் செவலை முன்னால் மண்டி போட்டாள்.

"ஐயோ, எவ்வளவு க்யூட்டா இருக்கு!"

"இப்ப அப்படித்தான் தெரியும்," என்றேன்.

ஜோக் என்று நினைத்துச் சிரித்தாள். நான் வேலையை ஆரம்பித்தேன். செவலை வாயைப் பிளந்து பல்லைக் காட்டினேன். பின்தொடையில் ரெண்டு தட்டு தட்டினேன். ஒரு சுற்று நடத்திக் காட்டினேன். வாலைத் தூக்கினேன். அந்தப் பெண் அவசரமாக அபார்ட்மெண்டைப் பார்த்தாள்.

அடுத்தது குறைகள்.

"செருப்பு தின்னும். வலது கால் செருப்புன்னா முழுசா. இடி இடிச்சா கட்டிலுக்கு அடியில ஒண்ணுக்குப் போயிடும். குறட்டை விடும். கோழியப் பார்த்தா ஓடிடும்."

"கோழியப் பார்த்தா?" என்றார் புருஷன். "அப்ப திருடன் வந்தா?"

"கோழி இல்லாம வந்தா எப்படின்னு தெரியல."

வாழ்நாளில் ஒரே மூச்சில் நான் அவ்வளவு பேசியதில்லை. நாக்கு வறண்டுவிட்டது. தூரத்திலிருந்து ஷீலா மேடம் இரண்டு கையையும் வேகமாக ஆட்டினார். பாராட்டுகிறார் என்று நானும் தலையாட்டினேன்.

அதிசயம் என்னவென்றால், அவர்கள் போய்விடவில்லை. அந்தப் பெண்ணுக்குச் செவலையைப் பிடித்துவிட்டது. காதைச் சொறிந்துகொண்டே புருஷனைப் பார்த்தாள். அவர் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, "எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார்.

இனாம்தான். 'ஒண்ணும் வேணாம் சார்' என்று சொல்லியிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். இரண்டு பேர் கை மேலும் ஒரு துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசிக்கொள்வார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது. அன்றைக்கு என் தலை முழுக்கச் சந்தை. அவர் விலை கேட்டதும் என் கை தானாகத் துண்டை எடுத்துவிட்டது. அவர் கை மேல் போட்டேன். உள்ளே அவர் கையை இறுக்கிப் பிடித்தேன்.

அப்புறம்தான் சிக்கல். இனாம் என்பதற்கு எந்த விரல்? சந்தையில் ஒருத்தனும் மாட்டை இனாமாகக் கொடுத்து நான் பார்த்ததில்லை. எல்லா விரலையும் மடக்கி, முட்டியாக்கி, அமுக்கினேன்.

"சார், என்ன பண்றீங்க?"

விலை பேசும்போது வாயைத் திறக்கக் கூடாது. அவருக்குப் புரியட்டும் என்று இன்னும் கொஞ்சம் அமுக்கினேன்.

"வாட்ச்! வாட்ச்ச உருவுதான்!" என்று கத்தினார்.

அப்போதுதான் செவலை துண்டைப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை. ஒரு முனையில் நான். மறுமுனை தொங்குகிறது. அது வேறென்ன செய்யும்? கவ்வி இழுத்தது.

நான் பழகினவன், விட்டுவிட்டேன். அவரால் விட முடியவில்லை. அது தேங்காய்ப்பூ துண்டு. வாட்ச் வார் அதன் நூலில் சிக்கிக்கொண்டது. செவலை இழுத்த இழுப்புக்கு அவரும் கூடவே ஓடினார். எதிரே நாய்களுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்த நீலத் தொட்டி. அதற்குள் உட்கார்ந்தார். வாட்ச் கழன்றது. செவலை துண்டையும் வாட்ச்சையும் எடுத்துக்கொண்டு பறந்தது.

நான் துரத்தினேன். மேடம் துரத்தினார். செக்யூரிட்டி "ஹிடீரி, ஹிடீரி!" (பிடிங்க, பிடிங்க) என்று கன்னடத்தில் கத்திக்கொண்டு கேட்டை இழுத்துச் சாத்தினார். பிள்ளைகள் கை தட்டினார்கள். பேனர் சரிந்து ஜூஸ் மேசை மேல் விழுந்தது.

இதற்கு நடுவில் தொட்டிக்காரருடைய போன் அவர் பெண்டாட்டி கைப்பையில் அடித்தது. அவள் பதற்றத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். ஊரிலிருந்து அவர் அப்பா. கட்டியிருக்கிறவர் விழுந்தால் வீட்டுக்குத் தானாகத் தகவல் அனுப்பிவிடுகிற வாட்ச்சாம் அது.

"ஏல, கீழ விழுந்துட்டியாமே! ஒன் வாட்ச்சு எனக்கு மெசேசு அனுப்பிருக்கு!"

"ஒண்ணுமில்லப்பா. தொட்டியில விழுந்துட்டேன்."

"எந்தத் தொட்டியில?"

"நாய்த் தொட்டியில."

"காலையிலயே ஊத்திக்கிட்டியால?" என்றது போன்.

செவலை பார்க்கிங்கை ஒரு சுற்றுச் சுற்றி, நேராகப் போய் ரத்னாவின் நாற்காலிக்கு அடியில் புகுந்தது. பட்டுப் புடவையில் சேற்றுக் கால் தடம். அந்தத் துண்டைத் துவைக்கிறவள் ரத்னா. அதில் இருக்கிற தன் வாசனைக்குத்தான் வந்தது என்கிறாள் அவள். மைசூர்பாக் வாசனைக்கு என்கிறாள் மகள். எங்கள் வீட்டில் அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

சொட்டச் சொட்ட வந்து நின்றார் வாட்ச்காரர். ரத்னா துண்டிலிருந்து வாட்ச்சைப் பிரித்து, பட்டு முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வூட்டுக்காரர் மாட்டுச் சந்தையில வளர்ந்தவரு. துண்டு போட்டாருன்னா விலை பேசறாருன்னு அர்த்தம்."

"நாய்க்கா?"

"ஆமா."

"என்ன விலை சொன்னாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இனாம்," என்றேன்.

அவர் தலையிலிருந்து தண்ணீர் வடிந்தது. "இத வாயால சொல்லக் கூடாதா, அண்ணாச்சி?"

தங்கமான மனுஷன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு கறுப்புக் குட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பேச்சு முடிகிற வரைக்கும் மேடம் என்னை வேனுக்குப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டார். மத்தியானத்துக்குள் ஒவ்வொன்றாக எல்லா நாயும் போய்விட்டது. செவலை ஒன்றைத் தவிர. ஆளைத் தொட்டியில் தள்ளின நாயை யார் எடுப்பார்கள்?

மேடம் திட்டவில்லை. "விடுங்கண்ணா. அங்கயும் நல்லாத்தான் பாத்துப்பாங்க," என்றார். திட்டியிருந்தால் தேவலை. வேன் கதவைத் திறந்தார்கள். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செவலை வாயில் துண்டு. அதை விடவில்லை.

ரத்னா பக்கத்தில் வந்தாள்.

"இது எங்க போகுது?"

"பெங்களூருக்கு அந்தப் பக்கம்."

"செருப்பு தின்னும்னு சொன்னீங்க."

"ம்."

"குறட்டை விடும்."

"ம்."

"அது நான் இருபது வருசமா கேக்கறதுதான். வேற? அவங்ககிட்ட சொல்லாம விட்ட குறை ஏதாவது இருக்குதா?"

யோசித்தேன். ஒன்று இருந்தது. "என்னைத் தவிர வேற யார்கிட்டயும் சேராது."

ரத்னா குனிந்து பார்த்தாள். செவலை அவள் கால் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

"அப்படியா?" என்றாள். "கைய நீட்டுங்க."

நீட்டினேன். செவலை வாயிலிருந்து துண்டை உருவினாள். (என்னோடு அவ்வளவு மல்லுக்கட்டுகிற நாய், அவளுக்கு மட்டும் உடனே விட்டுக்கொடுத்தது.) எச்சில் துண்டை எங்கள் இரண்டு பேர் கை மேலும் போட்டாள். உள்ளே என் விரலைப் பிடித்தாள்.

என்ன விலை என்று சொல்ல மாட்டேன். துண்டுக்குள் பேசினதை வெளியே சொல்வது எங்கள் வழக்கம் இல்லை. தவணை இன்னும் போய்க்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் சொல்லலாம்.

காதுகுத்துக்கு மூன்று பேராகப் போனோம். கிளம்பும்போது மச்சானுடைய வலது கால் செருப்பைக் காணோம்.

இது நடந்து சில வருசம் ஆகிறது. இன்றைக்கும் எங்கள் வீட்டுக்குப் புது ஆள் யார் வந்தாலும், முதல் வேலையாக என் தோள் துண்டை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்ய வந்தவருக்குக்கூட இந்த மரியாதை உண்டு.

போன தை மாதம் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். துண்டு பீரோவில். குறை எதையும் நான் எடுத்துச் சொல்லிவிடக் கூடாது என்று ரத்னா என் பக்கத்திலேயே நின்றாள். மாப்பிள்ளைப் பையன் வாசலில் நின்று புது ஷூவைக் கழற்றினார். பளபளவென்று இருந்தது. நான் வாயைத் திறந்தேன்.

"தம்பி, ஒண்ணு சொல்லணும்..."

"அப்பா!" என்று உள்ளேயிருந்து மகள்.

"நீங்க பேசாம இருங்க," என்று காலை மிதித்தாள் ரத்னா.

பேசாமல் இருந்தேன். எனக்கு அது கஷ்டமில்லை.

சாயங்காலம் மாப்பிள்ளை என் செருப்பைப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனார். இடது கால் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு.

சம்பந்தம் நின்றுவிடவில்லை. கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மருமகன் வரும்போதெல்லாம் ரத்னா பீரோவைத் திறக்கிறாள். என் துண்டு உள்ளே போகிறது. பக்கத்தில் அவருடைய ஷூவும் போகிறது. செவலை பீரோ முன்னால் படுத்துக் குறட்டை விடுகிறது.