ஊதச் சொன்னார்கள், ஊதினேன்

மாணவர்களின் ஹூக்கா பழக்கம் பற்றி முப்பது கேள்விகள் தயாரித்த எனக்கு, அந்தக் குழாயில் காற்று எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது தெரியாது. இதை என் ஆய்வறிக்கையில் எழுதவில்லை. இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது தாம்பரத்தில் சமூகப்பணி முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். நாற்பது மாணவர்களிடம் படிவம் நிரப்பி வாங்க வேண்டும். முப்பத்தெட்டு முடிந்திருந்தது. கடைசி இரண்டுக்காகக் கேளம்பாக்கத்தில் சுரேஷ் என்ற பொறியியல் மாணவனின் வாடகை வீட்டுக்குப் போனேன். பாயின் நடுவில் ஹூக்கா. பக்கத்தில் அவன் வகுப்புத் தோழி ஜெனிஃபர், மதியச் சாப்பாடும் ஒரு தூக்கு மோருமாக. அவள் எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று டிக் அடித்துக்கொண்டே போனாள்.

சுரேஷ் படிவத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“நீ இத்த எப்பனா தொட்டுக்கீறியா மச்சான்?”

“நிறைய,” என்றேன். (எதிரில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கும்போது இருபத்திரண்டு வயதில் வேறு என்ன பதில் வரும்?)

“அப்ப ஊது,” என்று குழாயை நீட்டினான்.

சிகரெட்டையும் ஊதுவது என்றுதான் சொல்கிறோம், ஆனால் யாரும் ஊதுவதில்லை என்பது அந்த நேரத்தில் உறைக்கவில்லை. பலூனுக்கு ஊதுவதுபோல் மூச்சைப் பிடித்து ஊதினேன். அடியிலிருந்த தண்ணீர் மேலேறி உச்சிக் கிண்ணத்தைத் தள்ளியது. ஆப்பிள் வாசனைப் புகையிலை சுரேஷின் வெள்ளைச் சட்டையில் அப்பிக்கொண்டது. கிண்ணத்தில் கனன்றுகொண்டிருந்த கங்கு ஒன்று, பாயில் வைத்திருந்த என் முப்பத்தெட்டுப் படிவங்களின்மேல் விழுந்தது.

அணைக்க நினைத்து மறுபடியும் ஊதினேன். தீ நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஜெனிஃபர்தான் மோரை எடுத்து ஊற்றினாள்.

திங்கட்கிழமை என் பேராசிரியை அந்தக் காகிதக் கட்டை விரல்நுனியால் தூக்கிப் பார்த்தார்.

“இது டேட்டாவா, மோர்க்குழம்பா?”

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “மறுபடியும் முதல்லேருந்து. ரெண்டு வாரம் டைம்.”

ஜெனிஃபருக்கு விஷயம் தெரிந்ததும், “நான் ஊத்தினதுல தானே மிச்சமும் போச்சு, நானும் வரேன்,” என்றாள். கல்லூரி கல்லூரியாக, கேன்டீன் கேன்டீனாகச் சேர்ந்து அலைந்தோம். நாற்பதாவது படிவம் முடிந்தபோது இருவருக்குமே வருத்தமாக இருந்தது.

நான்கு வருடம் கழித்து அவள் வீட்டுக்குப் பெண் கேட்கப் போனோம். அவள் அப்பா பள்ளித் தலைமை ஆசிரியர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: “தம்பிக்கு சிகரெட், ஹூக்கா, அந்த மாதிரி எதுவும்?”

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெனிஃபர் முழுக் கதையையும் சொல்லிவிட்டாள். என் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு சம்மதம் சொன்னார்.

இப்போது சேலையூரில் மாமனார் வீடும் எங்கள் வீடும் ஒரே தெரு. சொந்தக்காரர் யார் வந்தாலும் அவர் என்னை அறிமுகப்படுத்துவது இப்படித்தான்:

“நம்ம மாப்பிள்ளை. தங்கமான மனுஷன். கெட்ட பழக்கம் கத்துக்கப் போனாரு, வரல.”