சோப்புப் படாத கை

இனிமேல் பாத்திரம் தேய்ப்பதில்லை என்று முடிவெடுத்தேன். முடிவெடுப்பதற்கே அசதியாக இருந்தது. கல்யாணமான பதினொரு வருடத்தில் பாத்திரத்தைவிட நான்தான் அதிகம் தேய்ந்திருக்கிறேன்.

எனக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. டெங்கு பரப்பும் வகைக் கொசுக்களுக்குப் பாடம் எடுக்கிறேன். கூண்டருகே கையைக் கொண்டுபோவேன். கை வாசனை உள்ளே போனதும் கூண்டை உலுக்குவேன். பத்து நாளில், அந்த வாசனை வந்தாலே கொசுக்கள் ஒதுங்கிப் போகும். உலகத்தில் எனக்குப் பயப்படும் ஜீவன்கள் அவை மட்டும்தான்.

"கொஞ்ச நாளைக்கு என் கையில சோப்பு படக்கூடாது," என்றேன் மனைவியிடம்.

"ஏன், கரைஞ்சிருமா?"

"வாசனை மாறிடும். கொசு படிச்சதெல்லாம் வீணாப் போயிடும்."

"அப்ப குளிக்கிறது?"

"கையை மட்டும் தூக்கிப் பிடிச்சுக்குவேன்."

"ஐயோ பாவம். நானே தேய்ச்சுக்கிறேன், நீங்க படுங்க."

இவ்வளவு சுலபமா! நான்கு நாள் சாப்பிட்ட கையோடு சாய்ந்தேன். முதுகு எனக்கு நன்றி சொன்னது.

ஐந்தாம் நாள் மாலை, அரைத்தூக்கத்தில் இருந்தேன். என் மேலதிகாரி போன் செய்தார். மனைவிதான் எடுத்தாள்.

"தூங்குறார் மேடம். கையில சோப்பே படாம பத்திரமா வெச்சிருக்கார்... ஆமா மேடம். எனக்கு ஒரு சந்தேகம். சோப்பு பட்ட கையும் ஒண்ணு இருந்தாத்தானே ஒப்பிட்டுப் பார்க்க முடியும்?"

தூக்கம் போய்விட்டது. தினமும் சாப்பிடும்போது ஆராய்ச்சியை விளக்கிய என் வாயை நானே நொந்துகொண்டேன்.

"வேற ஆள் எதுக்கு மேடம்? இவருக்கே ரெண்டு கை இருக்கே!"

அன்றிலிருந்து வலது கைக்கு ஓய்வு. இடது கைக்குப் பாத்திரம். சட்டியை வலது முழங்கையால் அணைத்துக்கொண்டு தேய்த்தேன். அரை மணி நேர வேலை ஒன்றரை மணி நேரம் ஆனது. குண்டான் இரண்டு தடவை காலில் விழுந்தது.

அடுத்த வாரம் கொசுக்களுக்குப் பரீட்சை. வலது கையைக் கண்டு ஓடின. சோப்பு மணக்கும் இடது கை யாருடையது என்றே அவற்றுக்குத் தெரியவில்லை. வலை வழியாக மூக்கை நீட்டி ஆசைதீரக் கடித்தன. மேடத்துக்கு வாயெல்லாம் பல்.

சொறிந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். "அப்பாடா! ஆராய்ச்சி முடிஞ்சுது."

"எங்க முடிஞ்சுது? மேடம் இப்பதான் பேசினாங்க. அடுத்தது துணி சோப்பாம்."

"எந்தக் கைக்கு?"

"ரெண்டுக்கும்தான். வாளியில ஊற வெச்சிருக்கேன், போங்க."